பெண் பார்க்க வந்த நாளில் முடிவிலி

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா கணக்குக் கேட்டார். நான் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பதை அப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மாமா துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். மக்ரூன் இனிப்பைக் கடித்துக்கொண்டே, "இருக்கதுலயே பெரிய எண்ணு எதும்மா? இன்ஃபினிட்டி தான?" என்றார்.

"அது எண்ணே இல்ல மாமா."

"எப்படி இல்லாமப் போவும்? இன்ஃபினிட்டில இன்ஃபினிட்டியக் கழிச்சா சைபர் வருதுல்லா?"

"வராது மாமா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போற எல்லா எண்ணையும் எடுத்துக்கிடுங்க. அதுல இரட்டைப்படைய மட்டும் நீக்குனா ஒத்தப்படை முடிவில்லாம மிச்சம் நிக்கும். எல்லாத்தையும் நீக்குனா ஒண்ணுமே நிக்காது. ஒரே கழித்தலுக்கு ரெண்டு விடை வந்தா அத எப்படி எண்ணுன்னு சொல்ல?"

வகுப்பில் பேசுவதுபோல் கையை வேறு ஆட்டியிருக்கிறேன். மாமா மக்ரூனைத் தட்டில் வைத்துவிட்டார். அம்மா பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள்.

"ஏளா, பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. சிரிக்க முயன்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆமா மாமா, எண்ணுதான். நாந்தான் கொழப்பிக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். காப்பி வந்தது.

தனியாகப் பேச எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஒரு கப்பல் ஏஜென்சியில் இன்ஜினியர். "மொதல்ல சொன்னதுதான சரி? பெறவு ஏன் மாத்திட்டிய?" என்றார். காது சுட்டது. தெருவில் ஊர்ந்துகொண்டிருந்த கன்டெய்னர் லாரியைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த வாரமே தகவல் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, அடக்கமான பெண் என்று மாமா சொன்னாராம். அப்பா அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

வகுப்பில் அப்போது லிமிட்ஸ் எனப்படும் எல்லைகள் பாடம். கரும்பலகையில் முடிவிலிக் குறியைப் போட்டதும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது எண்ணா?" என்றாள். வருடா வருடம் நான் ஆசையோடு பதில் சொல்லும் கேள்வி. அன்றோ, "புக்குல இருக்கு, வாசிங்க," என்று திரும்பிக்கொண்டேன். அதுதான் எனக்கு மிகவும் கேவலமாகப் பட்டது.

சாயந்தரம் நானே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"அது எண்ணு இல்ல. அன்னைக்குத் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்," என்றார். "மாமா முன்னால நானும் வாயத் திறக்கலயே. மாடில வச்சு ஒங்கள மட்டும் கேட்டேன் பாருங்க. அத நெனச்சா கூச்சமா இருக்கு."

மறுநாள் முதல் வேலையாக அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது. மாமாவிடம் மட்டும் அது எண் இல்லை என்று இன்றுவரை இருவருமே சொல்லவில்லை.