என் கை சொன்னதும் அவர் கால் சொன்னதும்

போன சாரல் சமயம், குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி வீட்டுக்குத் திரும்பிய என் கணவர், குளிரில் கால் மரத்துவிட்டது என்றார். துணி ஊறவைக்கும் டப்பில் வெந்நீர் ஊற்றி, அதில் காலை வைக்கச் சொன்னேன்.

“ஏட்டி, சூடே இல்ல. இன்னும் ஊத்து” என்றார்.

விரலை விட்டுப் பார்த்தேன், சுட்டது. ஆனால் அதுவரை பச்சைத்தண்ணீரில் துணி அலசிய கைக்கு எதுவும் சுடத்தானே செய்யும்? என் கையை நம்பாமல், ஸ்டவ்வில் கொதித்ததை இன்னொரு செம்பு ஊற்றினேன்.

அந்நேரம் சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டு செல்லம்மா அக்கா, டப்பில் கை வைத்ததும் உதறினாள். “ஏட்டி கோமதி, இதுல கோழிய முக்குனா இறகு உதுந்துரும்! கால எடுங்க அண்ணாச்சி!”

எடுத்தால், கணுக்கால்வரை செக்கச்செவேல். அவரோ, “எரியவே இல்லையே” என்று விழித்தார். அப்படியே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர், சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்றார். நல்லவேளை, புண்ணாகவில்லை. அக்கா அன்று வாங்காமல் போன சீனியை மறுநாள் டப்பாவோடு கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் அவர் என்ன சொன்னாலும், டப்பில் முழங்கையை முக்கி, அதைக் கேட்டுவிட்டுத்தான் வெந்நீர் ஊற்றுகிறேன். இந்தச் சாரலுக்கு ஐந்தருவி போனோம். அந்த இரண்டு கால்களும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தன. பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.