அரை அந்தரும் ஸ்காட்லாந்துக் கம்பமும்

நாற்பதைத் தாண்டியவன் கனம் எறியும் போட்டியில் இறங்கினால், முதல் பரிசு எப்போதும் தைலக் கடைக்காரருக்குத்தான். பிள்ளைகளோடு ஓடிப் பிடிக்கப் போய் முழங்காலைப் பறிகொடுத்தவர்களே, கல்யாண வீட்டில் அண்டாவை ஒற்றை ஆளாய் இறக்கி வீரம் காட்டியவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எடை

ஐம்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு பருத்தி அரவை ஆலையில் நான் எடைக் குமாஸ்தா. வயது நாற்பத்திரண்டு. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பத்தேழு வயது, ஆறடிக்கு மேல் உயரம். எங்களுக்கெல்லாம் அவர் ‘துரை’. நெடுங்காலம் இந்தப் பக்கம் இருந்ததில் தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ்.

ஒரு மத்தியானம் விளாத்திகுளத்துப் பருத்தி வண்டிகள் வரத் தாமதமாயிற்று. தராசுப் பக்கம் வந்த துரை, வளையம் வைத்த அரை அந்தர் படிக்கல்லை ஒற்றைக் கையில் எடுத்தார். ஐம்பத்தாறு ராத்தல். கால்களுக்கு நடுவே இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சில் அது அவர் தலைக்கு மேலே பின்பக்கமாய்ப் பறந்து, முற்றத்தில் படுதா கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி விழுந்தது. அவர் ஊரில் இது ஒரு போட்டியாம்.

“நீ போடு” என்றார். போட்டேன். அது நேரே மேலே போய், நேரே கீழே வந்து, என் மேஜையை இரண்டாக்கியது. மைக்கூடு போன இடமே தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஹெட் கிளார்க், மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்ய்யா, ஒம்மை எடை போடத்தான வச்சிருக்கோம்? அதுக்காக இப்படியா போடுவீரு?”

துணி

அடுத்த தை மாதம், ஆலையின் விளையாட்டு விழாவில் தன் ஊர்ப் போட்டிகளையும் சேர்த்துவிட்டார் துரை. விழாவன்று கட்டம் போட்ட கம்பளிப் பாவாடையும் முழங்கால்வரை காலுறையுமாக வந்து நின்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆண்களெல்லாம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பஞ்சு பொறுக்கும் வேலம்மாள் மட்டும், துரைக்குத் தமிழ் தெரியும் என்பதையே மறந்து, என்னிடம் உரக்கக் கேட்டாள்.

“ஏன் குமாஸ்தாய்யா, அவிய ஊர்ல அம்புட்டுத் துணிப் பஞ்சமா? நம்மகிட்ட இம்புட்டுப் பஞ்சு கெடக்கே, ஒரு வேட்டிக்கு நூத்துக் குடுத்துரலாம்லா?”

கம்பம்

அந்தப் போட்டிகளில் பெரியது கம்பம் எறிதல். ஆளைப்போல மூன்று மடங்கு உயரமான மரத்தை நட்டமாய்த் தூக்கி, அடிமுனையைக் கைகளில் ஏந்தி, தோளில் சாய்த்துக்கொண்டு ஓட வேண்டும். சட்டென்று நின்று உந்திவிட்டால், மேல்முனை தரையில் குத்தி, அடிமுனை எழுந்து குட்டிக்கரணம் போட்டு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். துரை முதலில் ஒரு பனையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது யானைக்கு” என்று விட்டுவிட்டார். தூத்துக்குடியிலிருந்து சவுக்குக் கம்பம் வந்தது.

முந்தின நாள் பருவம் தப்பி மழை பெய்திருந்தது. ஈரக் கரிசலில் ஓடியவர்களுக்குத் தெரியும், நாலடிக்குள் ஒவ்வொரு காலும் ஒரு குத்துப்போணித் தண்ணீர் கனம் ஆகிவிடும். என் முறை வந்து ஓடியபோது, ஐந்தாவது அடியில் என் வலது கால் மண்ணோடு நின்றுவிட்டது. கம்பம் கையிலிருந்து நழுவி, செங்குத்தாய் இறங்கி, இரண்டடி ஆழம் புதைந்து ஆடாமல் நின்றது. நான் அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். மூட்டை தூக்கும் சண்முகம் ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, அப்படியே விட்ருங்க. கரண்டு ஆபீஸ்ல சொல்லி கம்பி இழுத்துரலாம்!”

கல்

தோற்றுப்போனதில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. பருத்தியின் மாதிரியைச் சோதிக்க எந்த ஊருக்குப் போனாலும் கனமாக எது கிடந்தாலும் தூக்கிப் பார்ப்பேன். விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு ஊரில், பெண் கேட்கிற இளவட்டங்கள் தூக்கிக் காட்டும் இளவட்டக்கல் கிடந்தது. உருண்டையாக, கை வைக்கப் பிடிமானமே இல்லாத கல். முழங்காலுக்கு ஏற்றினேன். அங்கிருந்து நெஞ்சுக்கு ஏற்றும்போது இடுப்பில் சுள்ளென்று ஒரு வெட்டு. கல்லை மடியில் வைத்தபடி குந்தியிருந்தேன். எழவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. ஆடு பத்திக்கொண்டு போன ஒரு அம்மா நின்று பார்த்தாள்.

“தூக்குனாலும் பிரயோசனம் இல்லையே அய்யா, ஒங்க வயசுக்கு எங்க ஊர்ல பொண்ணு இல்ல!”

ஒத்தடம்

நாலு பேர் என்னை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு வாரம் படுக்கை. இன்னொரு முறை இப்படி ஆனால் நிமிர்ந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ரோஸம்மா சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், “இனிமே தொடமாட்டேன்னு மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணட்டுமா?” என்று நானே கேட்டேன். என்னைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுச் சொன்னாள்.

“சத்தியம் எல்லாம் வேண்டாம். நீங்க தூக்குதது எதுன்னாலும் கனத்தா கீழ போட்ருவீங்க. ஒங்களை நான் எங்க போட?”

மணி

ஒரு வருஷம் கம்பத்தைத் தொடவில்லை. பிறகு துரையே ஆலை முற்றத்தில் வைத்து, எப்படிக் குனிவது, எப்படி முதுகை விட்டுக் காலால் எழுவது என்று பொறுமையாகத் திருத்தினார். ரோஸம்மாவுக்குத் தெரியும், தடுக்கவில்லை.

துரை ஊருக்கே திரும்பிப் போகிற வருஷம் வந்தது. மழை பொய்த்து, தை மாதமே கரிசல் வெடித்துக் கிடந்தது. விழாவில் முதல் ஆளாக அவர்தான் கம்பத்திடம் போனார். இரண்டு பேர் நட்டமாய் நிறுத்திக் கொடுத்தார்கள். குனிந்து ஏந்தினார். அது எழவில்லை. மறுபடி முயன்றார். அப்போதும் அடிமுனை தரையை விட்டு வரவில்லை. புகைபோக்கியைப் பார்த்துத் தப்பிக்க அன்று எவனுக்கும் தோன்றவில்லை. அவர் கம்பத்தை மெதுவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, “குமாஸ்தா” என்று கூப்பிட்டார்.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். ரோஸம்மா எழுந்து வந்தாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கம்பத்தை ஏந்திக்கொண்டு, வெடிப்பு பார்த்து, அடி பார்த்து ஓடினேன். நின்றேன். உந்தினேன். கம்பம் மேலே போய், தலைகீழாய் ஒரு கணம் யோசித்து நின்று, எனக்கு நேர் எதிரே விழுந்தது. கத்திய கூட்டத்தை விலக்கிக்கொண்டு துரை வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கடிகார முள்போல இம்மி சாயாமல் நேராக விழுந்தால் அவர் ஊரில் ‘பன்னிரண்டு மணி’ என்பார்களாம். அதையே சொல்லிச் சொல்லிக் குலுக்கினார்: “பன்னெண்டு மணி, குமாஸ்தா! பன்னெண்டு மணி!”

ரோஸம்மா தூக்குச்சட்டியோடு பின்னால் வந்து நின்றாள்.

“மணி பன்னெண்டு ஆயிட்டுன்னா ரெண்டு பேரும் வாங்க, சோறு ஆறுது.”

இப்போது கீழே விழுந்த எதையாவது எடுக்கக் குனிந்தால், நிமிர்வதற்குள் எதற்குக் குனிந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. அந்தக் கம்பம் எந்தப் பக்கம் விழுந்தது என்பது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.