மணத்தக்காளி மேல் போட்ட பழி

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை பொய் சொன்னார். தனியாகக் கூப்பிட்டு ஒருவர் காதில் சொல்லவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேரும் நிற்கும்போது, ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். என் அக்காவின் வாயும் தொண்டையும் வெந்துபோனதற்கு அவள் மென்ற பச்சிலைதான் காரணமாம். நானும் அக்காவும் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலில் எங்கள் டிஸ்பென்சரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பச்சிலை தின்கிற ஜனங்கள் என்று நீங்களும் சிரிப்பீர்கள். டிஸ்பென்சரி என்றால் ஒரு கட்டடம், ஒரு பூட்டு. பூட்டு நல்ல பூட்டு, மழையிலும் துருப்பிடிக்காது. எப்போதாவது அது திறந்திருந்தால் உள்ளே டொக்டர் ஐயா போன் பார்த்துக்கொண்டு இருப்பார். அவரிடம் இருப்பது வெள்ளை மாத்திரை. காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். ஒரு தடவை கால் வீங்கி நொண்டிக்கொண்டு போனேன்.

"கால்ல வீக்கங்க."

"சாப்பிட்ட பொறகு ரெண்டு போடுங்க."

"எந்தக் காலுன்னு கூட நீங்க பாக்கலையேங்க?"

"அதான் ரெண்டு குடுத்தேன். காலுக்கு ஒண்ணு."

எவ்வளவு நுணுக்கமான வைத்தியம் பாருங்கள். வீங்காத காலுக்கும் மருந்து கிடைத்தது.

அதனால்தான் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், ஆளாளுக்கு வைத்தியம் பார்க்கிறோம். சளி பிடித்துத் தடிமன் வந்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். இருமலுக்கு ஆடாதோடை இலை. நாள் முழுக்க மழையில் நின்று உடம்பு கடுத்தால் நொச்சி இலை போட்டு ஆவி. எங்கள் வைத்தியம் எல்லாம் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அதிலும் குப்பை இருக்கிறது. ஒரு நாள் அடுப்பில் கை சுட்டுக்கொண்டேன். லயமே கூடிவிட்டது. ஒருத்தி பற்பசை கொண்டுவந்தாள், ஒருத்தி கோப்பித்தூள், ஒருத்தி முட்டையை உடைத்து வெள்ளைக்கருவோடு நின்றாள். போனில் வீடியோ பார்த்தவள் சீனி போடச் சொன்னாள். எல்லாவற்றையும் பூச விட்டிருந்தால் என் கையைப் பிறந்தநாள் கேக்காக வெட்டியிருக்கலாம். அத்தனை பேரையும் விரட்டிவிட்டுக் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன்.

ஆனால் வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்பது குப்பை இல்லை. மலைக்குப் போகிற பாதை ஓரத்தில் அது தானாக முளைக்கும். தேயிலை நிற்கிற இடத்தை நாங்கள் மலை என்றுதான் சொல்லுவோம். கொழுந்து பறிக்கிறவள் இலை பறிக்கத் தனியாக எங்கே போவது? நடக்கிற நடையிலேயே கை நீளும், நாலு இலை கிள்ளும், வாய்க்குப் போகும். மென்று சாறை இறக்கிவிட்டுச் சக்கையைத் துப்புவோம். கை அதற்குள் கொழுந்துக்குப் போயிருக்கும்.

இதற்கு எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. புல் சாக மருந்து அடித்த இடத்தில், பாதையின் இரண்டு முனையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி தெரிந்தால் அங்கே இலையைத் தொட மாட்டோம். உட்கார்ந்து சோறு கூடத் தின்ன மாட்டோம். துணி இல்லையா, பயம் இல்லை. எங்களிடம் வேறு அறிவித்தல் எதுவும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. பாவாடைத் துண்டோ, கிழிந்த சட்டையோ, சிவப்பாக இருந்தால் போதும். அந்தக் கந்தலைத்தான் நம்பினோம்.

இப்போது பழைய பங்களாவுக்கு வருகிறேன். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த அந்தப் பங்களாவைச் சுற்றுலாக்காரர் தங்குகிற இடமாக மாற்றிவிட்டார்கள். எல்ல என்கிற ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிற வேன்களில் சில அங்கேயும் வரும். அவர்கள் நடந்து பார்க்க எங்கள் மலைப்பாதையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பங்களாவுக்குப் பின்னால் ஒரு மூலிகைத் தோட்டமும் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் பலகையில் பெயர் எழுதி நட்டிருக்கிறார்கள். மணத்தக்காளிக்கும் பலகை உண்டு. எங்கள் லயத்துக்கு இன்னும் சரியான விலாசம் கிடையாது, அந்தச் செடிக்கு இருக்கிறது.

ஒரு நாள் படம் பிடிக்க என்னையும் கூடையோடு கூட்டிப்போய் அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். துரை வந்தவர்களிடம் இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார். வேன் ஓட்டி வந்த தம்பியிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"இந்த எலைங்களத் தின்னுதான் நீங்கள்லாம் நோயே இல்லாம இருக்கீங்களாம்க்கா."

அன்றைக்கு நான் காய்ச்சலோடு நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

அக்கா விழுந்தது ஒரு பனிக்காலைப் பொழுதில். இரண்டு பேரும் மேல் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்குச் சத்தமே இல்லை.

"என்னாக்கா, மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"வாயெல்லாம் புண்ணுடி. ரொட்டியும் சம்பலும் தின்னேன், கண்ணுல தண்ணி வந்திருச்சு."

"நீ வாய மூடிக்கிட்டு இருந்தா மலைக்கே நிம்மதிதான்."

"ஒங்க மாமா சொல்ல வேண்டியத நீ சொல்லாத. அந்த மனுசனே இன்னும் தைரியமா சொன்னதில்ல."

பாதை ஓரத்தில் மணத்தக்காளி தளதளவென்று நின்றது. அக்கா குனியுமுன் தலையைத் தூக்கிப் பாதையின் மேல்முனையைப் பார்த்தாள், திரும்பிக் கீழ்முனையைப் பார்த்தாள். நான் பார்த்தேன் அவள் பார்த்ததை. இரண்டு பக்கமும் துணி இல்லை. இலையெல்லாம் ஈரம், பனிக்காலையில் எந்த இலைதான் காய்ந்திருக்கும்? ஒரு கைப்பிடி கிள்ளி வாயில் போட்டாள். புண் அதிகம் என்பதால் நன்றாக மென்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

கொஞ்ச தூரம் நடந்ததும் துப்பினாள். "எரியுதுடி" என்றாள். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வீங்கியது. வாந்தி வாந்தியாக எடுத்தாள். எங்களை வேலை வாங்குகிற கங்காணி பின்னால் மற்றவர்களோடு வந்துகொண்டிருந்தார், ஓடிவந்து இலையைப் பார்த்தார், அவர் முகம் செத்துப்போனது.

"ஐயய்யோ, இத ஏன்டி தின்ன? நேத்து அந்திக்குத்தானே இந்த ஓரம் பூரா அடிச்சாங்க!"

"அப்ப துணி எங்கங்க?" என்று கத்தினேன்.

"கழட்டச் சொல்லிட்டாங்க. பங்களாவுல இருந்து படம் புடிக்க வாராங்களாம். செவப்புத் துணி படத்துல அசிங்கமா இருக்காம்."

ஓரத்துப் புல்லும் படத்தில் அசிங்கம், அதனால் மருந்து அடித்தார்கள். மருந்து அடித்ததைச் சொல்கிற துணியும் அசிங்கம், அதனால் கழற்றினார்கள். நாங்கள் மட்டும் அழகு போலிருக்கிறது, எங்களை அதே பாதையில் ஏற்றி அனுப்பினார்கள்.

டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பூட்டு எங்களை நன்றாக வரவேற்றது. கொழுந்து லொறியில் ஏற்றி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு அக்கா என் மடியில் வாந்தி எடுத்தாள். அங்கே இருந்த சிங்கள டொக்டர் அம்மா தெரிந்த தமிழில் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன இலை, எங்கே பறித்தது, மருந்து அடித்ததா. வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இது எலை செய்ற காயம் இல்ல, மருந்து செய்ற காயம்" என்றார். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவர்தான்.

அக்கா வார்டில் கிடக்கும்போதுதான் துரை ஒலிபெருக்கியை எடுத்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "கண்ட கண்ட எலையத் தின்னு வாயப் பொசுக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குக் கெட்ட பேரு கொண்டு வராதீங்க. இது அவங்கவங்க செஞ்சிக்கிற தப்பு. ஒடம்புக்கு முடியலன்னா டிஸ்பென்சரிக்குப் போங்க."

"தெறந்தா போறோம்ங்க!" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. களம் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. "துணிய யாருங்க கழட்டச் சொன்னது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், எனக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது. துரை என்னைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை அணைத்தார். "நேரமாச்சு, மலைக்குப் போங்க" என்றார். நான் கங்காணியைப் பார்த்தேன். பாதையில் அத்தனை பேர் காதில் விழச் சொன்ன மனிதர், தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று கழுத்துப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. அதற்கும் நொச்சி ஆவி நல்லது. மருந்து அடித்த ஆண்களுக்கும் அன்றைக்குக் காது கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சிதான் இறங்குகிறது, அதுவும் ஆறவைத்து. குழாயடியில் அவளுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ மணத்தக்காளி, இன்னிக்கு என்னா எல?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவள் நேற்றுவரை அதே பாதையில் அதே இலையை மென்றவள். பெயர் வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அக்காவே இப்போது அதை நம்பத் தொடங்கிவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நாந்தான்டி பாக்காம தின்னுட்டேன்" என்றாள் ஒரு நாள்.

"நீ பாத்தக்கா. ரெண்டு பக்கமும் பாத்த. நான் கண்ணால கண்டேன்."

"பாத்தேனா?"

"பாத்த."

"அப்ப தொரை ஏன் அப்பிடிச் சொல்றாரு? அவ்வளவு படிச்சவரு?"

லயத்தையே அதட்டி வைத்திருந்தவள் இப்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறாள். ஒலிபெருக்கியில் வந்ததை என் ஒற்றைக் குரலால் அவள் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. நான் சொன்னால் தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறாள்.

பங்களாவின் மூலிகைத் தோட்டத்தில் மணத்தக்காளி நன்றாக இருக்கிறது. அதற்கு யாரும் மருந்து அடிப்பதில்லை. பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தக் கீரையில் விருந்தாளிகளுக்கு சூப் செய்து கொடுக்கிறார்களாம், அங்கே பாத்திரம் கழுவுகிறவள் சொன்னாள். குடித்தவர்கள் வாய் பொசுங்கியதாக ஒரு தகவலும் இல்லை. எங்கள் வாய் மட்டும்தான் பச்சிலைக்கு ஆகாது.

துரை அவர்களே, அக்காவுக்கு இனி நீங்கள் பழமும் ஹார்லிக்ஸும் ஆள் விட்டு அனுப்ப வேண்டாம். முன்பு வந்தது அப்படியே மூலையில் இருக்கிறது. பொய் சொன்ன அதே களத்துக்கு, எல்லோரும் நிற்கிற அதே காலை நேரத்துக்கு வாருங்கள். முதல் நாள் அந்திக்கு அந்தப் பாதை ஓரத்தில் மருந்து அடித்தார்களா இல்லையா? துணியைக் கழற்றச் சொன்னது யார்? அக்காவை நான் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்துகிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியை மட்டும் இந்தத் தடவை அணைக்காதீர்கள்.