தொட்டியில் தெளிந்த தண்ணீர்

இராயபுரத்தில் மீனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் தெருவே சிரிக்கிறது. ரங்கூனிலேயே தங்கிவிட்ட உங்களுக்கு இது புரியாது, அண்ணா. மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஆறு சிவப்பு மீன்களை அகன்ற வாய்ப் பாட்டிலில் ஏந்திக்கொண்டு நான் டிராமை விட்டு இறங்கியபோது, பக்கத்துக் குடித்தன முனியம்மா குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னா ரங்கூன்காரரே, இத்தினிகாண்டு மீனு! கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறே?" பார்க்கத்தான் என்றேன். "பாக்கறதுக்கா? அதான் கடலு பக்கத்துலயே கீதே!" என்றாள். என் மனைவி தெய்வானை அந்தக் கடல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாங்கள் இங்கே வந்து ஆறு வருஷமாகிறது. எனக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் குமாஸ்தா வேலை. தெய்வானைக்குப் படுத்த பாய்தான் உலகம். ரங்கூன் வீட்டில் அவள் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்ததும், எங்கள் மகள் சரசு அதற்குப் பொரி போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒன்று செய்து வைத்தால் எழுந்து உட்காருவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, ஆற்று மணலை ஏழு தண்ணீர் விட்டு அலசிப் போட்டேன். குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெய்வானை எழுந்துதான் வந்தாள். தன் கையாலேயே பொரியைப் பொடித்துப் போட்டாள். நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் ஆறும் மிதந்தன. அழுக்குதான் காரணம் என்று நினைத்து, மணலைக் கொட்டி, கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஆறு மீன் விட்டேன். அவையும் போயின. "நான் தொட்டா எதுவும் தங்காதுங்க. பெத்த பிள்ளைக்கே என் காய்ச்சலைக் குடுத்துக் கொன்னவ நான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சரசு காய்ச்சலில் போனாள் என்றுதான் உங்களுக்கும் எழுதினேன். பொய். ஜப்பான்காரன் குண்டு விழுந்து, கப்பலில் இடம் கிடைக்காமல், அரக்கான் மலைவழியே நடந்தோமே, அப்போது காய்ச்சல் கண்டது தெய்வானைக்கு. நினைவில்லாமல் டோலியில் முன்னே போய்விட்டாள். பிள்ளை என் தோளில். தண்ணி, தண்ணி என்று அரற்றிக்கொண்டே வந்தாள். ஒரு ஓடை வந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஓடை இறங்கிவரும் மேட்டில் ஏறி, அந்தத் தண்ணீரில் எந்தப் பிணம் கிடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் உச்சிக்குள் வாந்தியும் பேதியும் அவளைக் கொண்டுபோய்விட்டன. அந்தக் கரையிலேயே புதைத்தேன். தெய்வானைக்கு நினைவு திரும்பியதும் காய்ச்சல் என்றேன். தன்னிடமிருந்துதான் தொற்றியது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. ஆறு வருஷமாக மறுக்கவில்லை. பாவி நான்!

சாகிற மீனையா விற்கிறாய் என்று மூர் மார்க்கெட் மீன்கடை பாயிடம் சண்டைக்குப் போனேன். "பேஜாரு பண்ணாதே நைனா. தேய்ச்சுக் கழுவுனியா? அதான் தப்பு. மண்ணுல வழவழன்னு பாசி புடிக்கணும். மொதல்ல நாலு முரட்டு மீனு உடு. மாசம் ஒண்ணு போவட்டும், அப்பால செவப்பு மீனு. புதுத் தண்ணி பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள விஷம் சேந்துகினே இருக்கும். தெளிவா கீதுன்னு நம்பி உட்டுட்டியா?" என்றார். நம்பித்தான் கொடுத்தேன் பாய் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். மீனுக்காகவா ஒரு ஆம்பளை இப்படி அழுவான் என்று அவர் திகைத்துப்போனார். "அட, உடு நைனா. நாலு கெண்டை சும்மாவே தர்றேன், எடுத்துகினு போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வானையிடம் சொன்னேன். மீனைக் கொன்றது உன் கையில்லை, தண்ணீர். சரசுவையும் தண்ணீர்தான். கொடுத்தவன் நான். அவள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"தெளிவா இருந்துதா?"

"இருந்துது."

"ஆறு வருஷம்" என்றாள். "ஆறு வருஷமா இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து..." அவ்வளவுதான். அதன்பிறகு என்னிடம் ஒரு சொல் கிடையாது.

கெண்டைகள் நாலும் பிழைத்துக்கொண்டன. தெய்வானை இப்போது நடமாடுகிறாள், சமைக்கிறாள், தொட்டியை என்னைத் தொடவிடுவதில்லை. ரங்கூனுக்கே திரும்பி வந்துவிடுங்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதில் நேற்றுக் குழாயடியிலிருந்து ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. "ஆமா, உனுக்கு எந்த ஊரும்மா? ரங்கூனா, இந்தாண்டையா?" என்று முனியம்மா கேட்டாள்.

"ஒரு ஓடைக்கரை. பேர் தெரியாது."

"பொன்னேரி பக்கமா?"

தெய்வானை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அவருக்குத்தான் வழி தெரியும்" என்றாள்.