எடை இல்லம்மா, நிறை

பக்கத்து வீட்டுப் பெண்ணின் தேர்வுக்காக நானும் ஏழாம் வகுப்பு அறிவியலைத் திருப்பிப் படித்து வருகிறேன்.

இன்று மனைவி, "அரை கிலோவுக்கு மேல வாங்கினா சமைக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் மீன் வாங்க அனுப்பினாள்.

மாமல்லபுரம் கடற்கரையில், "அரை கிலோ எடைக்குச் சங்கரா கொடும்மா" என்றேன்.

கிலோ நிறையின் அலகாயிற்றே என்று உறுத்தியது.

"எடை இல்லம்மா, நிறை" என்று திருத்தினேன்.

"நெறையவா? அப்டி சொல்லு நைனா!" மீன்காரம்மா தராசில் அள்ளிப் போட்டார்.

"நிறையன்னு சொல்லலம்மா, நிறைன்னு..."

"நானும் அத்தான சொல்றேன்!" இன்னும் இரண்டு விழுந்தன.

மறுக்கத் துணிவில்லை. மூன்று கிலோ.

செங்கல்பட்டில் வீட்டுக்கு வந்ததும், "நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான். அங்கே சுருள்வில் தராசு இதை அரை கிலோன்னுதான் காட்டும்" என்றேன்.

"அப்ப அங்கயே போய்ச் சமைச்சுக்கோங்க."

செங்கல்பட்டில் யாருக்காவது மீன் வேண்டுமா? நிறைய இருக்கிறது.