வெந்நீரில் குளித்த கல்

கிட்டுவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவன் கதவும் என் கதவும் எதிரெதிரே. காலையில் ஒன்றாகத்தான் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு நடப்போம். பாதி வழியில் நின்று, "நம்பி, கதவைப் பூட்டினேனா?" என்பான். உள்ளே பெண்டாட்டி இருக்கிறாளே, எதற்கு ஐயா பூட்டு என்று கேட்டால், அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, பூட்டித் தொலைத்திருந்தால் அவள் எப்படி வெளியே வருவாள் என்று அடுத்த கவலையை ஆரம்பிப்பான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவனில்லாமல் நான் ஸ்டேஷனுக்குப் போனதில்லை.

கிட்டுவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க் வேலை. இப்படிப்பட்ட மனிதன் வீட்டில் கடல் தண்ணீர் மீன்தொட்டி வைத்திருந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். காரணம் இருந்தது. அவன் மனைவி விஜயலக்ஷ்மிக்கு இரண்டு குழந்தைகள் ஏழாம் மாதத்தில் தவறிப் போயின. இரண்டாவது போன பிறகு அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவருக்கு முன்னால் கிட்டு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அவன் ஆபீஸ் படகில் வேலை பார்த்த அப்துல் ரவூப், காயல்பட்டணத்துக்காரர், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களை லட்சத்தீவுப் படகுக்காரர்களிடம் சொல்லி வரவழைத்துக் கொடுத்தார். விஜயலக்ஷ்மி மெல்ல மெல்லச் சுவரை விட்டு மீனைப் பார்க்க ஆரம்பித்தாள். அதுகளுக்குப் பேர்கூட வைத்தாளாம். எங்களிடம் சொல்லவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மனசு அதிரும்படி எதுவும் நடக்கக் கூடாது என்றும் சொன்னாள். கட்டிலைத் தொட்டிக்கு நேராகத் திருப்பிப் போட்டார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் கடல் கலங்கிவிடும், தொட்டிக்குத் தெளிந்த தண்ணீர் கிடைக்காது, மீன் செத்துப்போகும், அதை அவள் படுத்தபடி பார்ப்பாள். கிட்டுவுக்குத் தூக்கம் போயிற்று.

அதற்கும் ரவூப்தான் வழி சொன்னார். கடலுக்கடியிலிருந்து ஒரு கல் கொண்டுவந்தார். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலெல்லாம் ரோஜா நிறத்தில் பொருக்கு, பாசி, துளைக்குள் புழு, ஒரு பொடி நண்டு.

"கல்லுன்னு நெனச்சிராதீங்க சார். இதுக்கு உசுரு இருக்கு. தண்ணியில உள்ள அழுக்கையெல்லாம் இது தின்னுக்கிடும். ஆனா வந்த சூட்டுல தொட்டியில போட்டுராதீங்க. வழியில செத்ததெல்லாம் அழுகி நாறும். தனியா ஒரு வாளி கடல் தண்ணியில கெடக்கட்டும். நாத்தம் போயி வெறும் கடல் வாசனை வரும்போது எடுத்து வைங்க."

கல் குளியலறையில் வாளியில் கிடந்தது. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம், எங்கள் வீடு வரை வந்தது. கிட்டு காலையும் மாலையும் ரவூப் அனுப்பிய கடல் தண்ணீரை மாற்றி ஊற்றி, மூக்கை வாளிக்குள் விட்டு முகர்ந்து பார்ப்பான். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவான்.

அந்த வாரம்தான் அவன் மாமியார் மீனாட்சியம்மாள் பாலக்காட்டிலிருந்து மகளுக்குத் துணையாக வந்து இறங்கினாள். மறுநாள் சாயங்காலம் கிட்டு முகர்ந்து பார்த்தான். நாற்றமே இல்லை. குளியலறையின் மங்கல் பல்பில் கல் வெளுத்துத் தெரிந்தது. அழுக்கெல்லாம் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். எதையும் மூன்று தடவை பார்க்கிறவன், அன்றைக்கு ஒரே தடவையில் திருப்தியாகி, கல்லைத் தொட்டியில் வைத்துவிட்டு என் கதவைத் தட்டி, "நம்பி, இனிமே கவலையில்லை" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி தட்டினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னவே ஆச்சு?"

"தண்ணி அரிசி களைஞ்ச கழனி மாதிரி கலங்கிடுத்து. ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடறது. கல்லுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு அவகிட்டப் பொய் சொல்லி, தொட்டி மேல என் வேஷ்டியைப் போட்டு மூடிட்டேன். ரவூப்பைப் பார்க்கணும். தனியாப் போக பயமா இருக்கு, வரேளா?"

ரயிலில் ஏறியதும் ஆரம்பித்தான். மீன் போனால் அவளுக்கு அதிர்ச்சி, அவளுக்கு அதிர்ச்சியென்றால் குழந்தை. இந்தக் கணக்கை டாக்யார்டு ரோடு ஸ்டேஷன் வரை திருப்பித் திருப்பிச் சொன்னான். சும்மா இரும் என்று அதட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

பாவ்சா தக்கா படகுத்துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்த ரவூப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கல்லு என்ன நெறம் சார் இப்ப?"

"வெள்ளை."

ரவூப் தலையில் கை வைத்துக்கொண்டார். "உப்பில்லாத நல்ல தண்ணி பட்டிருக்கு. வெந்நீகூடப் பட்டிருக்கும். உள்ள உள்ளதெல்லாம் செத்து இப்ப தொட்டியில அழுகுது. முதல்ல கல்லை வெளிய எடுங்க, பாதித் தண்ணியை மாத்துங்க. அல்லா காப்பாத்துவான்."

படகை வெளியே கொண்டுபோய்த் தெளிந்த தண்ணீர் மொண்டு நான்கு டின்களில் கொடுத்தார். டாக்சியில் போட்டுக்கொண்டு வந்தோம்.

டின்னோடு நாங்கள் உள்ளே நுழையும்போதே மீனாட்சியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே வந்தாள். "மறுபடியும் நாறறதே மாப்பிள்ளே. நான்தான் அன்னிக்கே அந்தக் கல்லை பாய்லர் வெந்நீர் விட்டு, நாரும் மஞ்சப்பொடியும் போட்டுத் தேய்ச்சு, குழாய்த் தண்ணியில நன்னா அலசி வச்சேனே. குழந்தை பொறக்கப்போற வீடாச்சேன்னு..."

வெளியிலிருந்து வருகிற எதையும் அலசாமல் உள்ளே விடாத கை அது. பாசத்தில் செய்தது. கிட்டு அவளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அழுகைதான் இருந்தது. கட்டில் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"விஜயம், கொஞ்சம் அந்தண்டைச் சுவர்ப்பக்கமாத் திரும்பிப் படுத்துக்கோ. தொட்டியை அலம்பணும்."

அவள் திரும்பவில்லை.

"வேஷ்டியை எடுங்கோ."

"வெளிச்சம் ஆகாதுடி."

"எனக்குத் தெரியும். காத்துல துணி விலகித்து, நான் பார்த்துண்டுதான் இருக்கேன். எடுங்கோன்னா." குரல் உயரவேயில்லை. "அந்த ரெண்டையும் இப்படித்தான் துணியைப் போட்டு மூடிண்டு போனேள். ஆஸ்பத்திரியில நர்ஸ் என்கிட்டக் காட்ட வந்தா. நீங்க வேண்டாம்னு தலையை ஆட்டினேள். நான் பாதி மயக்கத்துல பார்த்தேன்."

என் கையில் டின் கனத்தது. கீழே வைத்தால் சத்தம் வருமே என்று பிடித்துக்கொண்டே நின்றேன். மீனாட்சியம்மாள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிட்டு வேஷ்டியை இழுத்து எடுத்தான். ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. மற்றது மேலே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. விஜயலக்ஷ்மி இரண்டையும் பார்த்தாள். நாங்கள் பயந்த எதுவும் அவளுக்கு ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"சொல்லுங்கோ. எப்படி இருந்தது?"

மீனைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கே புரிந்தது.

கிட்டு கல்லை வெளியே எடுத்தான். குவளையால் பழைய தண்ணீரை மொண்டு கொட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான். முதலாவது பிள்ளை, அவன் அப்பாவின் காது. இரண்டாவது பெண், தலை நிறைய முடி, அவளுடைய மூக்கு, கையை இறுக மூடிக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்லக் குவளை நிதானமாக ஏறி இறங்கிற்று. நான் டின்னைச் சாய்த்துப் புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நான் அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மிஞ்சிய மீன் பிழைத்துக்கொண்டது.

ஆடி மாதம், கொட்டுகிற மழையில், பிரசவ அறைக்கு வெளியே நானும் அவனும் நின்றிருந்தோம். வழியில் குடையை மறந்தேனா என்று என்னைப் பலமுறை கேட்டான். குடை அவன் கையில்தான் இருந்தது. கதவு திறந்தது. நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து, பெண் குழந்தை என்று மராத்தியில் சொன்னாள். துணிக்குள்ளிருந்து கீச்சென்று அழுகை வந்தது.

நர்ஸ் துணியை விலக்கப் போனாள். கிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"முதல்ல அவளுக்குக் காட்டுங்கோ" என்றான்.