செல் அரிக்காத மேஜை

சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் பழைய மரச் சாமான்களைச் சுரண்டி பாலிஷ் போடுகிறவர் தனசிங். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அபிதகுஜாம்பாள் தன் மேஜையை அவரிடம் அனுப்பினார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்; முப்பது வருஷம் அவர் விடைத்தாள் திருத்திய மேஜை அது.

மேல்பலகையில் ஈட்டி மரத்தைக் காகிதம் போலச் சீவி ஒட்டியிருந்தார்கள். அதைக் கையால்தான் தேய்க்க வேண்டும். தனசிங்குக்கு அது தெரியாததல்ல. அன்று மறைமலை நகரில் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரம்; தேய்க்கும் மெஷினை வைத்தார். நாலு இழுப்பில், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பலகை வெளுப்பாகத் தெரிந்தது. ஒட்டுப்போட அதே மரம் கிடைக்கவில்லை. மிச்சத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, தேக்குத் தகடு ஒட்டி, சாயம் ஏற்றி பாலிஷ் போட்டார்.

வீட்டில் கொண்டுபோய் இறக்கியதும் டீச்சர் விரலால் தடவிப் பார்த்தார். “வேற மாதிரி இருக்கே, தனசிங்?”

“உள்ள செல்லு அரிச்சிருந்துச்சு டீச்சர். அதான் மேல எடுக்க வேண்டியதாப்போச்சு.”

அவர் நம்பிவிட்டார். “உங்க கொட்டகைல மத்த சாமானுக்கெல்லாம் பரவிடலையே?” என்று வேறு கேட்டார்.

ஒரு மாதம் கழித்து, நாற்காலிக்குப் பிரம்பு பின்ன வேண்டும் என்று கூப்பிட்டார். போனால், மேஜையை ஒட்டி நின்ற கண்ணாடிக் கதவு அலமாரியைக் காணோம்.

“செல்லுன்னு சொன்னேளே, பயமாயிடுத்து. ரெண்டும் ஒரே ஆசாரி பண்ணினது. பழைய சாமான் வாங்கறவர்ட்ட குடுத்துட்டேன்.”

தனசிங் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாள் அலைந்து பெரும்பாக்கத்தில் அலமாரியை வாங்கிய பழைய சாமான் கடையைக் கண்டுபிடித்தார்.

“அன்னிக்கே ஒடச்சிட்டோம்ணா. சட்டம் ரெண்டுதான் கீது,” என்றார் கடைக்காரர் ஜெயவேலு.

மிஞ்சிய மரச் சட்டங்களைத் தனசிங் புரட்டிப் பார்த்தார். கரையான் அரித்த தடம் ஒரு பொட்டுகூட இல்லை.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்பவே சொல்லியிருந்தா கோச்சுண்டிருப்பேன். அவ்வளவுதானே? அலமாரி இருந்திருக்கும்.”

“அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துடறேன் டீச்சர்.”

“வேண்டாம். வந்து சொன்னேள், சரி. பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

டீச்சர் இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் தெருவிலிருந்தே ஸ்ரீநிவாசராகவன் என்பவர் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார். “டீச்சராத்து மேஜையைப் பார்த்தேன். பிரமாதமா பண்ணியிருக்கீங்க. அதே மாதிரி வேணும்.”

“அது நான் கெடுத்த மேஜை சார்,” என்றார் தனசிங். என்ன நடந்தது என்பதையும் சொன்னார்.

அவர் கட்டிலைத் திருப்பி ஏற்றவில்லை. “மெஷின் வைக்காதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தனசிங்கால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.